பனியூரின் தீத்திருவிழா: நொசாவா ஒன்சென் பற்றி ஒரு பார்வை

தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது ஆசிரியை எங்களுக்கு ஆறு பெரும்பொழுதுகளைச் சொல்லிக் கொடுத்தார். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று கூட்டாக ஒப்புவித்தோம். "விடியற்காலையில் புல் நுனியில் இருக்குமே, அதுதான் பனி" என்றார். சில பக்கங்கள் தள்ளி இமயமலையின் படம் வந்தது. "மலை உச்சியில் வெள்ளையாக இருப்பதும் பனிதான்" என்றார். இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை. தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு மலாய்மொழி அந்தக் குழப்பத்தைத் தீர்த்து வைத்தது. புல் நுனியில் இருப்பது 'எம்புன்'. இமயத்தில் இருப்பது 'சல்ஜி'. தமிழ்ப்பள்ளி மாணவி ஒருத்திக்குத் தமிழ்ச்சொல்லின் பொருள் மலாயின் வழியே தெளிவானது என்பதைத் தமிழ்ப் பேரவையின் ஆண்டிதழில் எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அந்தச் சல்ஜியை நான் கையால் தொட்டது 2024ஆம் ஆண்டின் இறுதியில். ஜப்பானின் நாகானோ மாநிலத்தில் ஒரு பருவம் பரிமாற்ற மாணவியாகப் படித்தேன். 2025 ஜனவரி 13 முதல் 16 வரை நொசாவா ஒன்சென் என்னும் மலையூரில் தங்கினேன். 13ஆம் நாள் அங்கே பொது விடுமுறை. மற்ற நாள்களுக்கு விடுப்பு எடுத்துக்கொண்டேன். நாகானோ நகரிலிருந்து ஈயாமா நிலையம் வரை ஷின்கான்சென் இரயிலில் பத்துப் பதினொரு நிமிடம். அங்கிருந்து பேருந்தில் ஏறக்குறைய அரைமணி நேரம். 'ஒன்சென்' என்றால் வெந்நீர் ஊற்று. ஊரின் மக்கள்தொகை ஏறத்தாழ 3,500தான். ஆயினும் குளிர்காலத்தில் உலகின் பல மூலைகளிலிருந்தும் பனிச்சறுக்குப் பிரியர்கள் இங்கே வருகிறார்கள். ஜனவரி 15ஆம் நாள் இரவு இவ்வூரில் நடக்கும் தோசோஜின் தீத்திருவிழாவை ஜப்பானிய அரசு 1993ஆம் ஆண்டில் முக்கியமான நாட்டார் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது.

ஒரு சிற்றூர் தன் குளிர்காலத்தை எவ்வாறு திருவிழாவாகவும் பிழைப்பாகவும் ஆக்கிக்கொண்டது, அத்திருவிழா இன்றுவரை எப்படி நிற்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இக்கேள்வி எனக்கு ஏன் எழுந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வேர் விடும் பனி

நொசாவா ஒன்சென், கொரியத் தலைநகர் சியோலைவிடச் சற்றுத் தெற்கே இருக்கிறது. அப்படியிருந்தும் சியோலில் காணாத அளவு பனி இங்கே கொட்டுகிறது. சைபீரியாவிலிருந்து வரும் வறண்ட குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கிறது. அக்கடலில் சுஷிமா வெப்ப நீரோட்டம் பாய்வதால் காற்று நீராவியை ஏராளமாக அள்ளிக்கொள்கிறது. கரையேறியதும் மலைகள் குறுக்கே நிற்கின்றன. அவற்றின்மேல் ஏறும்போது காற்று குளிர்ந்து, சுமையை அங்கேயே இறக்கிவிட்டுப் போகிறது. நம் நாட்டில் வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து கிளந்தானையும் திரங்கானுவையும் வெள்ளத்தில் ஆழ்த்துகிறதே, அதன் உடன்பிறப்புத்தான் இது. அங்கே வெள்ளம், இங்கே பனி. பக்கத்து ஊரான சகாயேயில் உள்ள மொரிமியானோஹாரா இரயில் நிலையத்தில் 1945 பிப்ரவரி 12ஆம் நாள் பனி 7.85 மீட்டர் உயரத்துக்குக் குவிந்திருந்தது. அந்த உயரத்தைக் காட்ட அங்கே ஒரு கம்பம் நட்டு வைத்திருக்கிறார்கள்.

இத்தகைய இடத்தில் பனிக்கு ஒரு சொல் போதாது. மாவுபோல் விழுவது 'கோனயுகி'. பெரிய இதழ்களாக விழுவது 'போத்தான்யுகி'. போத்தான் என்பது ஒரு பூவின் பெயர். வசந்தத்தில் உருகி உறைந்து பருமணலாக ஆவது 'சராமே'. அது ஒருவகைச் சர்க்கரையின் பெயர். எனக்கு மிகப் பிடித்தது 'நெயுகி'. 'நெ' என்றால் வேர். குளிர்காலத் தொடக்கத்தில் விழும் பனி ஓரிரு நாளில் கரைந்துவிடும். ஒருநாள் விழும் பனி மட்டும் கரையாது. அதன்மேல் அடுத்தது, அதன்மேல் அடுத்தது என்று வசந்தம் வரை நிற்கும். அதுதான் நெயுகி. இதைத் தமிழில் 'வேர்ப்பனி' என்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். நம் 'பனி' ஏழைச் சொல் அன்று. 'பனித்தல்' என்றால் துளிர்த்தல் மட்டுமல்ல, நடுங்குதல் என்றும் பொருள். நடுக்கத்தையும் அறிந்த சொல், பனிக்குவியலைத் தாங்காதா என்ன?

நான் தங்கியது ஒரு குடும்பம் நடத்தும் சிறிய விடுதி. அதை நடத்தும் அம்மா அறுபதை நெருங்குபவர். வந்த மறுநாள் காலை என் கையில் ஒரு பெரிய தள்ளுவாரியைக் கொடுத்தார். அதன் பெயர் 'மமசான் டம்ப்'. 'மமசான்' என்றால் அம்மா. ஆண்கள் வெளியூரில் வேலைக்குப் போய்விட்ட வீட்டில் அம்மாக்களே தள்ளக்கூடிய கருவி என்பதால் இப்பெயராம். தொலைபேசியில் அப்பாவிடம் சொன்னபோது, "மாமா எதுக்கு டம்ப் தள்ளுறாரு?" என்றார். அரைமணி நேரம் தள்ளியதில் வாசலிலிருந்து தெருவரை ஒரு வழி திறந்தது. மதியத்துக்குள் மீண்டும் மூடிக்கொண்டது. கூரையில் ஏறிப் பனியைத் தள்ளும் வேலையை என்னிடம் தரவில்லை. ஒவ்வொரு குளிர்காலத்திலும் அவ்வேலையில் தவறி விழுந்து இறக்கும் முதியவர்கள் ஜப்பானில் பலர்.

சறுக்கு வந்த கதை

பனிச்சறுக்கு ஜப்பானியருக்குப் பரம்பரைச் சொத்தன்று. ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையின் மேஜர் தியோடோர் ஃபொன் லெர்ஹ் 1911 ஜனவரியில், இன்றைய நீகாட்டா மாநிலத்தின் தக்காடாவில், ஜப்பானியப் படைவீரர்களுக்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்தார். அதிலிருந்துதான் முறையான பயிற்சி தொடங்கியது. தக்காடாவிலிருந்து நொசாவா அதிகத் தொலைவில்லை. 1923இல் ஊர்க்காரர்களே நொசாவா ஒன்சென் ஸ்கீ கழகத்தை அமைத்தார்கள். 1930இல், ஆஸ்திரியாவின் ஆர்ல்பெர்க் பகுதியில் புகழ்பெற்ற பயிற்றுநராக இருந்த ஹன்னஸ் ஷ்னைடர் ஜப்பானுக்கு வந்தபோது இவ்வூருக்கும் வந்தார். அவருடைய ஊரான சாங்க்ட் அன்டோனும் நொசாவாவும் இன்று சகோதர ஊர்கள். 1950இல் முதல் தூக்கி நாற்காலி ஓடியது. 1963 வரை சறுக்குத்தளத்தைக் கழகமே நடத்தி, பிறகு ஊராட்சியிடம் ஒப்படைத்தது. 1998 நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கில், சறுக்கிக்கொண்டே துப்பாக்கி சுடும் பயத்லான் போட்டிகள் இங்குதான் நடைபெற்றன. 1992, 1994 ஒலிம்பிக்குகளில் நோர்டிக் கூட்டுப் போட்டியில் தங்கம் வென்ற ஜப்பானிய அணியில் இருந்த கோனோ தகானோரியும் இவ்வூர்க்காரர்.

இந்த ஆண்டுகளை ஏன் அடுக்குகிறேன் என்றால், சறுக்கு வருவதற்கு முன்பு பனியூர்களின் குளிர்காலம் வேறு மாதிரி இருந்தது. வயல் நான்கைந்து மாதம் பனிக்கடியில் கிடக்கும். ஆண்கள் தோக்கியோவுக்கும், சாக்கே மது காய்ச்சும் ஊர்களுக்கும் கூலிவேலைக்குப் போவார்கள். இதற்கு 'தேக்காசேகி' என்று பெயர். மனைவியும் முதியவர்களும் பிள்ளைகளும் மட்டும் கூரைப் பனியோடு போராடுவார்கள். சறுக்கு வந்ததும் உழவர்கள் தம் வீட்டின் மாடியைப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். அந்த வீடுகள்தாம் பிறகு விடுதிகளாயின. ஆண்கள் தூக்கி நாற்காலியை ஓட்டவும் சறுக்கக் கற்பிக்கவும் ஊரிலேயே தங்கினார்கள். ஊரை வெறுமையாக்கிய அதே பனி, ஊராரை ஊரில் நிறுத்தி வைக்கும் பனியாயிற்று. இவ்வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தீத்திருவிழாவுக்கு வரும்போது இது வேண்டியிருக்கும்.

நானும் சறுக்கிப் பார்த்தேன். கற்போருக்கான ஹிக்காகே சரிவில் சறுக்குக்கட்டைகளை மாட்டிக்கொண்டு நின்றேன். நிற்பதே பெரும்பாடு. முன்னால் போக வேண்டும் என்று நினைத்தால் பின்னால் போகிறது. நிற்க வேண்டும் என்று நினைத்தால் எங்கும் நிற்பதில்லை. ஒரு மணி நேரத்தில் பதினேழு முறை விழுந்தேன். பதினெட்டாவது முறை எண்ணுவதை விட்டுவிட்டேன். பாலர்பள்ளிப் பிள்ளைகள் வாத்துக் குஞ்சுகளைப்போல் வரிசையாக என்னைக் கடந்து போனார்கள். கடைசியில் வந்த சிறுவன் மட்டும் திரும்பிப் பார்த்து, "கம்பாத்தே!" என்றான். 'முயற்சி செய்' என்பது பொருள். ஐந்து வயதுப் பிள்ளையிடம் ஊக்கச் சொல் வாங்கிய பல்கலைக்கழக மாணவி என்ற பெருமை எனக்குண்டு.

யாருடைய குளியல்

ஊரில் 13 பொதுக் குளியலறைகள் இருக்கின்றன. மரத்தால் கட்டிய சிறு கட்டடங்கள். கட்டணம் இல்லை, விரும்பினால் உண்டியலில் காசு போடலாம். நகராட்சி ஊழியர்கள் தூய்மை செய்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. ஒவ்வொரு குளியலறைக்கும் சுற்றியுள்ள வீடுகள் சேர்ந்து 'யுநக்காமா' என்ற சங்கம் அமைத்திருக்கின்றன. 'வெந்நீர்த் தோழர்' என்று மொழிபெயர்க்கலாம். செலவு அவர்களுடையது; தேய்த்துக் கழுவும் முறையும் வீட்டுக்கு வீடு சுற்றி வருகிறது. எங்கள் விடுதியம்மா ஒருநாள் மாலை வாளியும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். "இன்று என் முறை" என்றார். விருந்தினர் நிறைந்திருந்த வேளை அது. "வேறு யாரையாவது அனுப்பக்கூடாதா?" என்று கேட்டேன். கேள்வியே அவருக்கு விளங்கவில்லை. என் ஜப்பானிய மொழியின் குறை என்று நினைத்து வேறு விதமாகக் கேட்டேன். அப்போதும் விளங்கவில்லை.

ஓகாமா என்ற ஊற்றில் நீர் ஏறத்தாழ 90 பாகை செல்சியஸ். அதில் ஊர்க்காரர் மட்டுமே கீரை அவிக்கலாம், முட்டை வேகவைக்கலாம். பயணிகள் வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம். நொசாவானா என்னும் கீரையை இலையுதிர் காலத்தில் வெந்நீரில் கழுவி, உப்பிட்டுத் தொட்டிகளில் அமுக்கி வைத்து, குளிர்காலம் முழுவதும் உண்கிறார்கள். எங்கள் பாட்டியின் மாங்காய் ஊறுகாய் போல இதுவும் வீட்டுக்கு வீடு சுவை மாறும்.

தோசோஜின் விழா

தோசோஜின் என்பது பாதையையும் எல்லையையும் காக்கும் தெய்வம். ஊருக்குள் நோயும் தீங்கும் வராமல் தடுப்பது. பெரும்பாலும் ஆணும் பெண்ணுமாக இணையாக இருக்கும். நொசாவாவில் வீடுதோறும் சிறு மரப்பாவைகளைச் செதுக்கி, தாளால் உடை அணிவித்து வைக்கிறார்கள். இத்தெய்வத்துக்குரிய விழாவில் இருவகை ஆண்களுக்குக் கடமை உண்டு: வயது 25 ஆனவர்கள், 42 ஆனவர்கள். இது பிறந்தவுடன் ஒன்று என்று எண்ணும் பழைய கணக்கு. ஜப்பானியர் இவ்விரண்டையும் ஆண்களுக்குத் தீய வயதுகளாகக் கருதுகிறார்கள். 42ஐ 'ஷி-நி' என்று பிரித்து உச்சரித்தால் சாவு என்ற ஒலி வருகிறது என்பது அவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று. 42 வயதினரும் அவர்களுக்கு இளைய இரண்டு வயதினரும் சேர்ந்து 'சன்யகோ' என்ற குழுவாக விழாவை நடத்துகிறார்கள்.

இலையுதிர் காலத்திலேயே மலையில் பீச் மரங்களை வெட்டி வைத்துவிடுகிறார்கள். ஜனவரி 13ஆம் நாள் அவற்றைப் பனிமேல் கயிறு கட்டி ஊருக்குள் இழுத்து வருகிறார்கள். நான் வந்து இறங்கிய மதியம் அதைத்தான் பார்த்தேன். மரம் தெருவின் வளைவில் மாட்டிக்கொள்கிறது. ஒருவர் பாட்டெடுக்கிறார், மற்றவர் கயிற்றை இழுக்கிறார்கள். மரம் ஓரடி நகர்கிறது. வழியில் நிற்பவர்களுக்கெல்லாம் சாக்கே ஊற்றிக் கொடுக்கிறார்கள். தேரிழுப்பைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இக்காட்சியை விளக்க வேண்டியதில்லை. அன்றிரவும் மறுநாளும் அம்மரங்களைத் தூணாக நட்டு, மேலே மேடையமைத்து, பத்து மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் ஒரு கோயிலைக் கட்டுகிறார்கள். இதை 'ஷாதென்' என்கிறார்கள். நம் சொல்லில் சொல்வதானால், கார்த்திகைத் தீபத்தன்று கொளுத்துவதற்காகவே கட்டப்படும் சொக்கப்பனை. வேறுபாடு என்னவென்றால், இந்தச் சொக்கப்பனையின் மேல் ஆள்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

14ஆம் நாள் நமக்குப் பொங்கல். அவர்கள் ஷாதென் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நான் விடுதியின் சமையற்கட்டில் ஜப்பானிய அரிசியும் பாலும் கறுப்புச் சர்க்கரையும் சேர்த்துப் பொங்கல் வைத்தேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்ததும் விடுதியம்மா பதறிப்போய்த் துணியோடு ஓடி வந்தார். பொங்கி வழிவதுதான் விசேஷம் என்று அவருக்குப் புரிய வைத்தபோது அடுப்பு அணைந்திருந்தது.

15ஆம் நாள் இரவு ஏழு மணிக்குமேல் ஊரில் ஒரு வீட்டில் சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டி நெருப்பு எடுக்கிறார்கள். அதைப் பெரிய பந்தத்தில் ஏற்றித் திடலுக்குக் கொண்டு வருகிறார்கள். முந்தைய ஆண்டில் தலைமகன் பிறந்த குடும்பங்கள் ஏறத்தாழ ஒன்பது மீட்டர் உயரமுள்ள விளக்குக் கம்பங்களைத் தூக்கி வருகின்றன. பிறகு போர் தொடங்குகிறது. 42 வயதினர் ஷாதெனின் உச்சியில் அமர்ந்து பாடிக்கொண்டும், கீழே இருப்பவர்களைச் சீண்டிக்கொண்டும் இருக்கிறார்கள். 25 வயதினர் அடியில் வளையமாக நிற்கிறார்கள். ஊரார் எரியும் பந்தங்களோடு பாய்ந்து வந்து ஷாதெனைக் கொளுத்தப் பார்க்கிறார்கள். முதலில் சிறுவர்கள், பிறகு பெரியவர்கள். அடியில் நிற்பவர்கள் தம் உடலையும் மரக்கிளைகளையும் கொண்டு அந்த நெருப்பை அடித்து அணைக்கிறார்கள். பந்தம் முகத்துக்கு நேரே வருகிறது. பின்வாங்க இடமில்லை, பின்னால் இருப்பது அவர்கள் காக்க வேண்டியது.

இது நடிப்பு என்று நினைத்துத்தான் போனேன். பத்து நிமிடத்தில் அந்த நினைப்புப் போய்விட்டது. விடுதியம்மாவின் மகனுக்கு அவ்வாண்டு 25. தோக்கியோவில் வேலை. அதற்காகவே விடுப்பெடுத்து வந்திருந்தார். நெருப்பு வெளிச்சத்தில் அவர் முகம் முழுவதும் கரி. யார் என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. அம்மா மட்டும் என் கையைப் பிடித்து, "அதோ, இடப்பக்கம் மூன்றாவது" என்றார். பிறகு கையை விடவில்லை. அவருடைய கணவர் தமது 42ஆம் வயதில் அதே உச்சியில் உட்கார்ந்தவர். இப்போது உயிரோடில்லை.

ஒன்றரை மணி நேரம் போல் நடந்த பிறகு இருதரப்பும் கைதட்டிச் சமாதானம் செய்துகொண்டன. மேலே இருந்தவர்கள் இறங்கினார்கள். அதன்பின் ஷாதெனுக்குத் தீ வைக்கப்பட்டது. விளக்குக் கம்பங்களும் அந்நெருப்புக்குள் போயின. இரண்டு நாள் இரவு பகலாகக் கட்டியது ஒரு மணி நேரத்தில் எரிந்து சாய்ந்தது. பனி விழுந்துகொண்டே இருந்தது. நெருப்புக்கு மேலே மட்டும் விழவில்லை.

பொங்கலும் சிறு புத்தாண்டும்

ஜனவரி 15 ஜப்பானில் 'கோஷோகத்சு', அதாவது சிறு புத்தாண்டு. அன்று சிவப்புப் பயறு சேர்த்த கஞ்சி வைப்பதும், பழைய அலங்காரங்களை எரிப்பதும் பல ஊர்களின் வழக்கம். இதைக் கேட்டவுடன் தமிழ் மாணவர் எவருக்கும் பொங்கலும் போகியும் நினைவுக்கு வரும். பேராசிரியர் ஓனோ சுசுமுவுக்கும் (1919–2008) அப்படித்தான் வந்தது. தமிழும் ஜப்பானியமும் உறவுடையவை என்று வாதிட்ட அவர், பொங்கலையும் சிறு புத்தாண்டையும் ஒப்பிட்டு எழுதினார். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் அ. சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும் அவரோடு சேர்ந்து ஆய்ந்தவர்கள். இப்படிச் சொன்னால் நம் கூட்டங்களில் கைதட்டல் கிடைக்கும். நானும் அந்தக் கைதட்டலுக்கு ஆசைப்பட்டுத்தான் குறிப்பெடுக்கத் தொடங்கினேன்.

ஆனால் ஒரு தடை இருக்கிறது. ஜப்பான் இன்றைய ஆங்கில நாட்காட்டிக்கு மாறியது 1873இல். அதற்கு முன்பு சிறு புத்தாண்டு என்பது சந்திரக் கணக்கில் முதல் மாதத்தின் பதினைந்தாம் நாள்; ஏறக்குறைய முழுநிலா நாள்; பெரும்பாலும் பிப்ரவரியில் வரும். பொங்கலோ சூரியக் கணக்கு. ஆகவே இரண்டும் இன்று அருகருகே நிற்பது 1873க்குப் பிந்திய தற்செயல். ஓனோவின் ஒப்பீடு தேதியை மட்டும் நம்பியதன்று என்பது உண்மைதான். சடங்குகளையும் சொற்களையும் அவர் அடுக்கிக் காட்டினார். எனினும் பெரும்பாலான மொழியியலாளர்கள் அவருடைய உறவுக் கொள்கையை ஏற்கவில்லை. குளிர்காலத்தின் நடுவே நெருப்பு மூட்டுவதற்கு மனிதருக்கு மொழியுறவு தேவையில்லை. அவர் தமிழுக்குத் தந்த உழைப்பை மதிக்கிறேன். முடிவை ஏற்க என்னால் இயலவில்லை.

முறை

இனி என் கேள்விக்கு வருகிறேன். என் தந்தை பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அத்தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா பத்து நாள் நடக்குமாம். ஒவ்வொரு நாளும் ஓர் உபயம். பால்மரம் வெட்டுவோர் உபயம், களைவெட்டுக் கூட்டத்தின் உபயம், ஆலைக்காரர் உபயம், கிராணிமார் உபயம். யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. அவரவர் நாள் வந்தால் அவரவர் செய்வார்கள். தோட்டம் கைமாறி, வீடமைப்புப் பகுதியாக ஆனபோது மக்கள் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். கோயில் வேறிடத்தில் நிற்கிறது. திருவிழா மூன்று நாளாகச் சுருங்கிவிட்டது. புலனக் குழுவில் "யார் யார் வர முடியும்?" என்று கேட்கிறார்கள். பத்துப் பேர் கைகூப்பும் படத்தை அனுப்புகிறார்கள். வருவது அதே நான்கு குடும்பங்கள். (நம் பேரவையின் ஆண்டு விழாவுக்கு நாற்காலி அடுக்குவது யார் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. அடுக்கியவர்களுக்குத் தெரியும்.)

மக்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது, அதனால் மரபு அழிகிறது என்றுதான் நாம் வழக்கமாகச் சொல்கிறோம். மேடைப் பேச்சுகளில் நானும் சொல்லியிருக்கிறேன். நொசாவாவில் நான் கேட்ட எவரும் ஆர்வத்தைப் பற்றிப் பேசவில்லை. விடுதியம்மாவின் மகனிடம், "உங்களுக்கு இவ்விழா பிடிக்குமா?" என்று கேட்டேன். சற்று யோசித்து, "எனக்கு 25 ஆகிவிட்டது" என்றார். அதுதான் பதில். குளியலறை கழுவுவதும் அப்படியே. முறை வந்தது, போனார்.

எங்கள் தோட்டத்திலும் முறை இருந்தது. ஆனால் அது வேலையைப் பற்றிக்கொண்டு நின்றது. மரம் வெட்டும் வேலை போனதும் மரம் வெட்டுவோர் உபயம் யாருடையது? நொசாவாவில் முறை வயதைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. வேலை மாறலாம், தோக்கியோவுக்குப் போகலாம். 25 வயது மட்டும் எல்லாரையும் தேடி வந்துவிடுகிறது. அது தேடி வரும்போது திரும்பிப் போக ஊரில் வீடும் பிழைப்பும் இருக்க வேண்டும். அதைச் சறுக்குத்தளம் தந்திருக்கிறது. பயணிகளின் கூட்டம் இவ்விழாவைக் கெடுத்துவிடும் என்று சொல்வோர் உண்டு. அன்றிரவு திடலில் கைப்பேசிகளின் வெளிச்சம் பந்தங்களுக்குப் போட்டியாக இருந்தது என்பதும் உண்மை. இருப்பினும் அப்பயணிகள் வராமல் இருந்திருந்தால் கயிறு இழுக்க ஆளிருந்திருக்காது என்பதே என் கருத்து.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. முதலாவது, இம்முறை ஆண்களுக்கு மட்டுமே. விளக்குக் கம்பம் தலைமகனுக்கு உண்டு, தலைமகளுக்கு இல்லை. விடுதியம்மாவிடம் கேட்டேன். "நாங்கள் சமைப்பதை வந்து பார்" என்று சிரித்தார். பார்த்தேன். அண்டை வீட்டுப் பெண்களோடு மூன்று நாளும் அடுப்படியில் நின்றார். எங்கள் தோட்டத்து உபயப் பட்டியலிலும் ஆண்களின் பெயர்தான் இருக்கும். அண்டா கழுவியது அம்மா. அந்தப் பதிலும் சிரிப்பும் எனக்கு நிறைவு தரவில்லை. இரண்டாவது, ஆள் எண்ணிக்கை. 3,500 பேர் உள்ள ஊரில் ஒரே ஆண்டில் பிறந்த ஆண்கள் எத்தனை பேர் இருக்க முடியும்? தம் கணவர் 25ஆக நின்றபோது இருந்ததில் பாதிப் பேர்கூட மகனின் ஆண்டில் இல்லை என்றார் விடுதியம்மா. வயது எல்லாரையும் தேடி வரும். பிறக்காதவரைத் தேடி வராது. பெண்களையும் அந்த வளையத்தில் நிறுத்தும் நாள் வருமா என்று கேட்டேன். "என் காலத்தில் இல்லை" என்றார். 'இல்லவே இல்லை' என்று அவர் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன்.

16ஆம் நாள் விடியற்காலையில் திடலுக்குப் போனேன். கரித் தணலில் மொச்சி என்னும் அரிசிப் பலகாரத்தைச் சுட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். அதைத் தின்றால் அவ்வாண்டு சளி பிடிக்காதாம். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். வெளியே கரி, உள்ளே மென்மை. முந்தைய இரவு உச்சியில் அமர்ந்து பாடியவர்கள் இப்போது குரலே இல்லாமல் மண்வெட்டியால் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தார்கள். பேருந்து நிலையம்வரை விடுதியம்மாவின் மகனும் வந்தார். அவருக்கு மறுநாள் தோக்கியோவில் வேலை. புருவம் இரண்டும் பொசுங்கியிருந்தன. அலுவலகத்தில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "என் மேலாளரும் பனியூர்க்காரர்தான்" என்று சொல்லிவிட்டு, பேருந்து ஈயாமா போய்ச் சேரும்வரை தூங்கினார்.